எழுத்தின் ஊதியம் வரும் வழி

நுழையும்முன்

எழுதத் தெரிந்தவர்க்கு எழுத்தே தொழிலாக அமையும் வாய்ப்பு இன்று பெருகியுள்ளது. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம், விளம்பர வாசகம், குறும்படங்களுக்குத் துணையுரை எனப் பணிகள் பல. ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளம் பெறாமல், பணிதோறும் ஊதியம் பேசி எழுதுவோரைத் தனித்தியங்கும் எழுத்தாளர் என்கிறோம். 'ஃப்ரீலான்சர்' என்பது பேச்சுவழக்கு. என்ன எழுதுவது, எவ்வளவு கேட்பது என்று இவர்கள் எண்ணுகின்றனர். அந்தப் பணம் எந்த வழியாக வரவேண்டும் என்று எண்ணுவோர் குறைவு. அவ்வழியைத் தேர்ந்தெடுப்பதில் அடங்கியுள்ள நுட்பங்களை விளக்குகிறது இவ்வுரைநடை.

பரிசிலுக்குக் காத்திருந்தோர்

புறநானூற்றுத் துறைகளுள் பரிசில் கடாநிலை என்பது ஒன்று. புரவலன் தரவேண்டிய பரிசிலைத் தருமாறு புலவர் வினவி நிற்கும் நிலையே அத்துறை. கேட்டுப் பெறுதலுக்கெனத் தனித்துறை வகுக்கும் அளவிற்கு அந்நிலை அக்காலப் புலவர் வாழ்வில் இயல்பாக இருந்தது என்று இதனால் அறிகிறோம். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, ஔவையார் அவனது வாயிற்காவலனை விளித்துச் சினந்து பாடினார். கல்வியில் வல்லார்க்கு எத்திசைச் செல்லினும் உணவு கிடைக்கும் என்னும் பெருமிதம் அப்பாட்டில் ஒலிக்கிறது. பெருமிதம் ஒருபுறம் இருக்க, வேலை முடிந்தபின் ஊதியத்திற்குக் காத்திருக்கும் ஒருவரின் மனநிலையும் அதில் உண்டு.

அதே அதியமானிடம் பெருஞ்சித்திரனார் சென்றார். அவரை நேரில் காணாமலே, பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான் மன்னன். அவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மை அறியாது கொடுத்த பொருளைக் கொள்வது வணிகம்போல் ஆகிவிடும் என்பது அவர் கருத்து. சிறிதே ஆயினும் தம் தகுதி அறிந்து தருவதே அவருக்கு வேண்டியிருந்தது.

இன்று எழுதிப் பொருளீட்டும் ஏறத்தாழ அனைவரும் பெருஞ்சித்திரனார் மறுத்த அந்நிலையிலேயே இருக்கின்றனர். மேலூரில் அமர்ந்து மொழிபெயர்க்கும் ஒருவர், சென்னையிலோ டொராண்டோவிலோ இருக்கும் வாடிக்கையாளரை ஒருமுறையும் காண்பதில்லை. கொடுப்பவரும் எழுத்தாளரைக் காண்பதில்லை. இதில் இழிவு ஏதும் இல்லை. ஆனால், முகமறியா இருவரிடையே ஒருவர் மற்றவரை முதலில் நம்பியாக வேண்டும். எழுத்தாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருக்கலாம். அல்லது வாடிக்கையாளர் பணத்தைக் கொடுத்துவிட்டு எழுத்திற்குக் காத்திருக்கலாம். பணம் வரும் வழியைத் தேர்வது என்பது, உண்மையில், காத்திருக்கும் இடரை யார் சுமப்பது என்று தீர்மானிப்பதே ஆகும்.

சங்க மண்டபத்தில் தொங்கிய கிழி

இவ்விடரை இருவருக்கும் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு ஒன்றை மதுரைக் கதையொன்றிலேயே காண்கிறோம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம் நாம் நன்கறிந்தது. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்னும் ஐயம் செண்பகபாண்டியனுக்கு எழுகிறது. தன் கருத்தை அறிந்து பாடுவோர்க்கு ஆயிரம் பொன் என அறிவித்து, அப்பொன்னைக் கிழியில் முடிந்து சங்க மண்டபத்தில் தொங்கவிடச் செய்கிறான். கிழி என்பது பணம் முடிந்த துணிமுடிப்பு. இறைவன் எழுதிக் கொடுத்த பாடலைத் தருமி கொண்டுவருகிறான். மன்னன் மனம் ஒப்பிப் பொற்கிழியை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். எடுக்கப் போகும் வேளையில் நக்கீரர் தடுக்கிறார். பின்னர் நிகழ்ந்தவற்றை மேடையிலும் திரையிலும் பலமுறை கண்டிருக்கிறோம். இறுதியில் கிழி தருமியைச் சேர்ந்தது.

புராணக் கதையை வணிகக் கண்ணால் பார்ப்பது சிலருக்கு உவப்பாக இராது. எனினும், அக்கிழி தொங்கிய இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பணம் அரசனின் கருவூலத்தில் இல்லை. பாட்டெழுதியவர் கையிலும் இல்லை. இருவருக்கும் பொதுவான ஓரிடத்தில், யாவரும் காண இருக்கிறது. எழுதத் தொடங்குமுன்பே தொகை எவ்வளவு, எழுதவேண்டிய பொருள் யாது என்பவை அறிவிக்கப்பட்டுவிட்டன. பணம் உண்டா இல்லையா என்னும் ஐயம் புலவருக்கு இல்லை. நல்ல பாட்டுக் கிடைக்குமுன் பணம் போய்விடுமோ என்னும் அச்சம் மன்னனுக்கு இல்லை. எஞ்சியிருந்த இடர் ஒன்றுதான். வாங்குபவர் ஒப்புக்கொண்ட பின்னும், தகுதியை ஆராய உரிமையுள்ள மற்றொருவர் தடுக்கக்கூடும். இன்றைய இணையவழிப் பணித்தளங்கள் இதே ஏற்பாட்டைப் பின்பற்றுகின்றன. அவற்றைப் பின்னர்க் காண்போம்.

கையொப்பமும் மணியார்டரும்

அச்சு வந்தபின் புரவலர் ஒருவருக்கு மாற்றாக வாசகர் பலர் வந்தனர். உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்குவதாக உறுதி கூறுவோரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். நூலுக்குக் கையொப்பம் இடுவது அக்காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். இங்குப் பணம் முழுவதும் முன்னதாக வருவதில்லை. வாங்குவோம் என்னும் வாக்கே வருகிறது. அச்சகத்திற்கும் காகிதத்திற்கும் ஆகும் செலவைத் துணிந்து ஏற்பதற்கு அவ்வாக்கு ஓரளவு பிடிப்பாக அமைந்தது. வாக்களித்தோர் அனைவரும் வாங்கினால்தான் பதிப்பாசிரியர் தப்பினார்.

மதுரையில் பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே 'செந்தமிழ்' இதழ் தோன்றியது. பாரதியார் 1904ஆம் ஆண்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டில்தான் மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபானு' அவர் பாடலை அச்சிட்டது. இதழ்களில் எழுதியோர் பலருக்கும் உணவு வேறொரு வேலையிலிருந்தே வந்தது. எனவே, எழுத்துக்குரிய பணம் வந்தால் வரவு. வராவிட்டால் கேட்பதற்கு நாணம். அந்த நாணம் இன்றும் நம்மை விட்டு முற்றிலும் அகலவில்லை என்றே கூறவேண்டும்.

இதழ்கள் சன்மானம் அனுப்பிய வழிகளுள் அஞ்சலகப் பணவிடை முதன்மையானது. மக்கள் அதனை மணியார்டர் என்றே அழைத்தனர். இந்திய அஞ்சல் துறை இச்சேவையை 1880ஆம் ஆண்டில் ஏற்றது. சோழவந்தானிலோ பேரையூரிலோ உள்ள ஓர் எழுத்தாளருக்கு வங்கிக் கணக்குத் தேவையில்லை. முகவரி இருந்தால் போதும். அஞ்சல்காரர் வீட்டு வாயிலில் பணத்தை எண்ணிக் கொடுத்து, படிவத்தில் கையொப்பம் பெறுவார். படிவத்தின் அடியில் அனுப்புநர் இரண்டொரு வரி எழுதுவதற்கான சிறு பகுதி உண்டு. அதனைக் கிழித்துப் பெறுநரிடம் கொடுத்துவிடுவார். 'இன்ன இதழில் வெளியான இன்ன கதைக்கு' என்று எழுதிய அந்தச் சீட்டை, பணம் செலவான பின்பும் பெட்டியில் வைத்துக் காத்தவர்கள் இருந்தனர்.

இம்முறையில் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அனுப்பும் தொகையில் இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய், அதாவது ஐந்து விழுக்காடு, கட்டணமாக நெடுங்காலம் இருந்தது. இது குறைவன்று. ஆயினும் அதனைச் செலுத்தியவர் அனுப்புநர். இதழ் நூறு ரூபாய் அனுப்பினால் எழுத்தாளர் கையில் நூறு ரூபாயே கிடைத்தது. இன்றைய முறைகள் சிலவற்றில் இந்த ஒழுங்கு தலைகீழாக மாறிவிட்டது. கட்டணம் பெறுநரின் தொகையிலிருந்து கழிகிறது; அனுப்புநர் அதை அறிவதுகூட இல்லை.

காசோலையும் புனைபெயரும்

வங்கிகள் பரவியபின் காசோலை வழக்கிற்கு வந்தது. மதுரையில் கருமுத்து தியாகராசர் 1943ஆம் ஆண்டு பாங்க் ஆஃப் மதுராவை நிறுவினார். இது 2001ஆம் ஆண்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியுடன் இணைந்தது. இத்தகைய வங்கிகளால் வணிகர்களைப் போலவே நடுத்தரக் குடும்பங்களும் கணக்குத் தொடங்கும் பழக்கம் பெற்றன.

காசோலை எழுத்தாளர்களுக்கு ஒரு புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. புதுமைப்பித்தன் என்று உலகம் அறிந்தவரின் இயற்பெயர் சொ. விருத்தாசலம். வங்கிக்குத் தெரிந்தது இயற்பெயர் மட்டுமே. இடப்பக்க மேல்முனையில் இரு கோடுகள் இட்டுப் பெறுநர் கணக்கிற்கு மட்டும் எனக் குறித்த காசோலையில் புனைபெயர் எழுதப்பட்டிருந்தால், அதனைக் கணக்கில் சேர்க்க இயலாது. கதைக்குக் கீழே எப்பெயரையும் இட்டுக்கொள்ளலாம். பணம் பெறும் பெயர், வங்கிக் கணக்கிலும் வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண் அட்டையிலும் உள்ளவாறே எழுத்துப் பிழையின்றி இருத்தல் வேண்டும். முதலெழுத்து முன்னால் வருவதும் பின்னால் வருவதும்கூடத் தடையாகலாம். தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே இடும் நம் வழக்கம், வெளிநாட்டு வாடிக்கையாளர்க்குப் பெருங்குழப்பம் தருவது.

காசோலைக்குத் தனிச்சிறப்பு ஒன்றும் உண்டு. அது கையெழுத்திட்ட கடன்சான்று. போதிய பணமின்றி அது திரும்பினால், 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி அது குற்றம். திரும்பிய செய்தி கிடைத்த 30 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பவேண்டும். அது கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் தரப்படாவிடில், அடுத்த ஒரு மாதத்திற்குள் நீதிமன்றத்தை அணுகலாம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எனினும், 2012 ஏப்ரல் முதல் காசோலையின் ஆயுள் மூன்று மாதமே. மேசை இழுப்பறையில் மறந்து வைத்த காசோலை வெறும் தாளாகிவிடும்.

நொடியில் சேரும் பணம்

தற்போது உள்நாட்டில் எழுத்தாளர்க்குப் பணம் தருவோர் பெரும்பாலும் வங்கி மாற்றத்தையோ யு.பி.ஐ. முறையையோ கையாள்கின்றனர். வங்கி மாற்றத்திற்குக் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. என்னும் 11 இடக் குறியீடும் தேவை. அக்குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், இறுதி ஆறு இடங்கள் கிளையையும் சுட்டும். நடுவில் உள்ள ஐந்தாம் இடம் சுழியம். அதனை 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தாகக் கருதித் தவறாக எழுதுவோர் உளர். நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதல் விடுமுறை நாள் உட்பட எந்நேரமும் இயங்குகிறது.

யு.பி.ஐ. முறையை இந்தியத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது. மாசி வீதிகளின் தேநீர்க் கடைகளிலும் மாட்டுத்தாவணிப் பூக்கடைகளிலும் தொங்கும் கட்டக்குறி அட்டைகளே இதன் பரவலுக்குச் சான்று. சிறு தொகைக்கு இதனை விஞ்சிய வழி இல்லை. ஒரு பக்க மெய்ப்புத் திருத்தத்திற்கு ஐம்பது ரூபாய் பெறுபவர் வேறெதனையும் நாடவேண்டியதில்லை. கழிவு இல்லை, காத்திருப்பு இல்லை, அனுப்பியவர் தாமாகவே அதனைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இயலாது.

அப்படியாயின் எழுத்தாளர்க்கு இடரே இல்லையா? உண்டு. பணம் நொடியில் சேரும் என்பது, வாடிக்கையாளர் அனுப்ப முடிவு செய்த பிறகுதான். அனுப்பும் முடிவைக் கருவி விரைவுபடுத்துவதில்லை. 'இன்று மாலை போட்டுவிடுகிறேன்' என்னும் சொல் மூன்று மாதம் நீள்வது எல்லாத் தொழிலிலும் உள்ளதே. அரசும் இதனை அறிந்தே சட்டம் வகுத்துள்ளது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி, உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் அல்லது சிறுதொழில் நடத்துவோர்க்கு வாங்குபவர் தரவேண்டிய தொகையை உடன்பட்ட காலத்திற்குள் தரவேண்டும். அக்காலம் 45 நாள்களைக் கடத்தல் ஆகாது. கடந்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியின் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். தனியொருவர் நடத்தும் சேவைத்தொழிலும் இதில் பதிவு பெறலாம். ஔவையாருக்கு வாயிற்காவலன் இருந்தான். நமக்கு நாள்கணக்கு இருக்கிறது.

கடல் கடந்து வரும் தொகை

மதுரை மாவட்டத்து எழுத்தாளர்க்கு அயலகத் தமிழரிடமிருந்தும் பணி வருகிறது. குடும்ப வரலாறு எழுதுதல், தமிழ்க் கற்பிக்கும் பாடநூல் ஆக்கம், மூத்தோரின் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்தல் முதலியன அத்தகைய பணிகள். இங்குதான் வழியைத் தேர்வதில் பெரும் வேறுபாடு விளைகிறது.

முதல் வழி, வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்புதல். உலக வங்கிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஸ்விஃப்ட் அமைப்பு 1973ஆம் ஆண்டு பெல்ஜியத்தில் நிறுவப்பட்டது. அனுப்பும் வங்கிக்கும் நம் வங்கிக்கும் நேரடித் தொடர்பு இல்லையெனில் இடையில் வேறொரு வங்கி வரும். அதுவும் தன் கட்டணத்தை எடுத்துக்கொள்ளும். கட்டணம் முழுவதையும் அனுப்புநர் ஏற்பதா, இருவரும் பகிர்வதா, பெறுநர் ஏற்பதா என்று அனுப்பும் படிவத்திலேயே குறிப்பிடலாம். இதனைக் கேட்டுப் பெறும் எழுத்தாளர் மிகச் சிலரே.

மற்றொரு வழி, பேபால் போன்ற இணையப் பணச்சேவை. பேபால் நிறுவனம் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவிற்குள் நிகழும் பரிமாற்றங்களை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து பெறுவதற்கு மட்டும் அது பயன்படுகிறது. இதில் கட்டணம் விழுக்காட்டுக் கணக்கில் கழியும். நாணய மாற்று விகிதத்திலும் ஒரு பகுதி குறையும்.

இரண்டையும் ஒரு கணக்கால் ஒப்பிடுவோம். எண்கள் கணக்கிற்காகக் கொண்டவை. நாளுக்கு நாள் மாறுவன. ஒரு டாலர் 85 ரூபாய் எனக் கொள்வோம். ஊதியம் 200 டாலர். முழு மதிப்பு 17,000 ரூபாய். வங்கி வழியில் இடைக்கட்டணம் 20 டாலர், மாற்று விகிதம் 84 ரூபாய், உள்ளூர் வங்கிக் கட்டணம் 300 ரூபாய் எனில், கையில் சேர்வது 14,820 ரூபாய். இணையச் சேவையில் கட்டணம் ஐந்து விழுக்காடு, மாற்று விகிதம் 82 ரூபாய் எனில், சேர்வது 15,580 ரூபாய். இணையச் சேவையே மேல் என்று தோன்றும். ஊதியம் 2,000 டாலராக இருந்தால்? வங்கி வழியில் 1,66,020 ரூபாய். இணையச் சேவையில் 1,55,800 ரூபாய். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வேறுபாடு. நிலையான கட்டணம் சிறு தொகையைத் தின்னும். விழுக்காட்டுக் கட்டணம் பெருந்தொகையைத் தின்னும். எனவே, 'எது சிறந்த வழி?' என்னும் வினாவிற்குத் தொகையை அறியாமல் விடை கூற முடியாது. ஒரே வாடிக்கையாளர்க்குத் தொடர்ந்து எழுதுவோர், சிறுசிறு தொகைகளைச் சேர்த்து மாதம் ஒருமுறை வங்கி வழியாகப் பெறுவது நலம். ஆனால், அதற்குள் ஒரு மாத உழைப்பு நிலுவையில் நிற்கும் என்பதையும் கருதவேண்டும்.

கழிவைவிட நுட்பமான வேறுபாடு ஒன்று உள்ளது. வங்கி வழியே வந்து கணக்கில் சேர்ந்த பணத்தை அனுப்பியவர் எளிதில் மீட்க முடியாது. பேபால் வழியில் பணம் தந்தவர் 180 நாள்களுக்குள் முறையீடு செய்யலாம். கடன் அட்டை வழியே தந்தவர் தம் வங்கியிடமும் முறையிடலாம். எழுத்து கைமாறியதற்குச் சரக்கு வண்டி ரசீது கிடையாது. ஆகவே அனுப்பிய நாள், அனுப்பிய கோப்பு, பெற்றுக்கொண்டதாக வந்த மறுமொழி ஆகியவற்றை ஆறு மாதத்திற்கேனும் காத்து வைத்தல் வேண்டும். வெளிநாட்டுப் பணம் எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும். அதற்குரிய நோக்கக் குறியீட்டைச் சரியாகத் தந்து, வரவுச் சான்றைப் பெற்று வைப்பது பின்னர் வரிக்கணக்கிற்கு உதவும்.

தெரிந்து தெளிவோம்

எழுத்துப் பணிக்கு ஊதியம் தரும் நிறுவனம், ஆண்டுத் தொகை வரம்பைக் கடக்கும்போது பத்து விழுக்காட்டை வரியாகப் பிடித்து, எஞ்சியதைத் தரும். இது மூலத்தில் வரிப் பிடித்தம் எனப்படும். பிடித்த தொகை எழுத்தாளரின் நிரந்தரக் கணக்கு எண்ணில் வரவாகும். மொத்த வருமானம் வரி வரம்பிற்கு உட்பட்டிருந்தால், கணக்குத் தாக்கல் செய்து அதனைத் திரும்பப் பெறலாம். அந்த எண்ணைத் தராதவரிடம் கூடுதல் விழுக்காடு பிடிக்கப்படும்.

பூமண்டியும் பணித்தளமும்

பொற்கிழி ஏற்பாட்டை மீண்டும் நோக்குவோம். அப்வொர்க், பைவர் முதலிய இணையப் பணித்தளங்கள் வாடிக்கையாளரின் பணத்தை முன்னதாகப் பெற்றுத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. எழுத்து ஒப்படைக்கப்பட்டு, ஏற்கப்பட்ட பின் பணத்தை விடுவிக்கின்றன. அப்வொர்க்கில் நிலைத்த தொகைப் பணிக்கு வாடிக்கையாளர் மறுமொழி தராமல் இருந்தால், 14 நாள்களுக்குப் பின் பணம் தானே விடுவிக்கப்படும். வாய்திறவாத வாடிக்கையாளர்க்கு இது நல்ல மருந்து. பைவர் இதற்காக ஊதியத்தில் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது.

ஐந்தில் ஒரு பங்கு மிகையா? மாட்டுத்தாவணி பூச்சந்தையை எண்ணிப் பார்க்கலாம். மதுரை மல்லிகைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் விடியுமுன் பறித்த மொட்டு சந்தைக்கு வருகிறது. விவசாயி பூவைக் கமிஷன் கடையில் இறக்குகிறார். விற்ற தொகையில் கமிஷன் போக மீதி அவர் கணக்கில் ஏறுகிறது. மாலைக்குள் மலர்ந்துவிடும் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவரே வாங்குவோரைத் தேட முடியாது. ஆகவே கமிஷன் என்பது சந்தையில் நுழைவதற்கான விலை. கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் அக்கடைக்கே பூக் கொடுக்கும் கட்டும் உண்டு. பணித்தளங்களிலும் ஒருவகைக் கட்டு உள்ளது: அங்கு அறிமுகமான வாடிக்கையாளரிடம் வெளியே பணம் பெறுவதை அவை தடைசெய்கின்றன.

மல்லிகைக்கும் எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. எழுத்து மாலைக்குள் வாடுவதில்லை. அறிமுகம் இல்லாத தொடக்கநிலை எழுத்தாளர்க்கு, பணம் முன்னரே பொதுவிடத்தில் இருக்கிறது என்னும் உறுதி அந்த 20 விழுக்காட்டிற்குத் தகும். பெயர் பெற்று, நம்பத்தகுந்த வாடிக்கையாளர் சிலரைத் தாமே ஈட்டிக்கொண்டவர், புதிய பணிகளை நேரடியாகத் தேடிக்கொள்வதே நன்று என்பது இக்கட்டுரையாளர் துணிபு.

எழுதும்முன் எழுதவேண்டியது

வழி எதுவாயினும், பணி தொடங்குமுன் அதனை எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும். பத்திரத்தாள் வேண்டுவதில்லை. ஒரு மின்னஞ்சல் போதும்:

'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் அனுப்பிய 60 பக்க நூலை ஆங்கிலத்திலிருந்து தமிழில் பெயர்த்துத் தர இசைகிறேன். ஊதியம் ரூ. 18,000. பாதித் தொகை பணி தொடங்குமுன்னும், மீதி மொழிபெயர்ப்பை ஒப்படைத்த 15 நாள்களுக்குள்ளும் கீழ்க்காணும் வங்கிக் கணக்கிற்கு அனுப்ப வேண்டுகிறேன். பணமாற்றக் கட்டணம் இருப்பின் தாங்கள் ஏற்க வேண்டும். இருமுறை திருத்தம் இத்தொகையில் அடங்கும். பணி இடையில் நிறுத்தப்பட்டால் முன்பணம் திரும்பத் தரப்படாது. தங்கள் இசைவைத் தெரிவித்தபின் பணியைத் தொடங்குவேன்.'

இம்மடலில் 'ஒப்படைத்த' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'வெளியான 15 நாள்களுக்குள்' என்று எழுதியிருந்தால், நூல் வெளியாகாமலே போகும்போது மீதிப் பணமும் வாராது போகும். முன்பணம் பாதி என்பதால் இடரும் பாதியாகப் பிரிகிறது. நெடும் பணியாயின் இயல்தோறும் பிரித்துப் பெறுவது இருவர்க்கும் நன்று. பதினைந்து பக்கத்திற்கு மேல் யாரும் யாரையும் நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

வயது பற்றியும் ஒன்று அறிதல் வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன்படி, 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. மேனிலை வகுப்பில் பயிலும் ஒருவர் இப்போதே கதையோ மொழிபெயர்ப்போ எழுதிப் பொருளீட்டலாம். ஆனால் உடன்பாடு பெற்றோர் அல்லது காப்பாளர் பெயரில் அமைதல் வேண்டும். வெளிநாட்டுப் பணச்சேவைகளும் 18 வயது நிறைந்தோர்க்கே கணக்கு அளிக்கின்றன. அண்ணன் பெயரிலோ நண்பரின் பெயரிலோ கணக்குத் தொடங்கி அதில் பெறுவது, முன்னர்க் கண்ட பெயர்ச்சிக்கலில் கொண்டுபோய் விடும்.

இளையோரின் இந்த ஆர்வத்தையே குறிவைக்கும் மோசடிகள் பல. வீட்டிலிருந்தே தட்டச்சு செய்யும் பணி என்று விளம்பரம் வரும். முதலில் பதிவுக் கட்டணம் கேட்கும். பின்னர், பிழைகள் மிகுதி, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று கூறி வழக்கறிஞர் பெயரில் அச்சுறுத்தல் வரும். ஊதியம் தரவேண்டியவர் ஊதியம் பெறுபவரிடம் பணம் கேட்பது எந்தத் தொழிலிலும் முறையன்று. மற்றொன்று, ஊதியம் அனுப்புவதாகக் கூறிக் கட்டக்குறியை அனுப்பி, அதனை வருடிக் கடவு எண்ணை இடச் சொல்வது. யு.பி.ஐ. முறையில் பணம் பெறுவதற்குக் கடவு எண் தேவையே இல்லை. அவ்வெண் பணம் கொடுப்பதற்கு மட்டுமே உரியது. மூன்றாவது, இவற்றினும் கொடியது. 'எங்கள் பணம் சில நாள் உங்கள் கணக்கில் வந்துபோகட்டும், அதற்கொரு பங்கு தருகிறோம்' என்பார்கள். பிறரை ஏமாற்றிப் பறித்த பணம் அவ்வழியே செல்லும். கணக்கு முடக்கப்படுவதும் காவல்துறை விசாரணைக்கு நிற்பதும் கணக்குக்குரிய மாணவரே.

இத்தகைய மோசடியில் பணம் இழந்தால் 1930 என்னும் இணையவழிக் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். பறித்தவர்கள் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு விரைந்து மாற்றிக்கொண்டே செல்வர். புகார் முந்திக்கொண்டால், பணம் நிற்கும் கணக்கிலேயே அதனை வங்கி நிறுத்திவைக்க இயலும்.